சிரிக்கச் சிரிக்க ஒரு சாகசம்: உங்கள் குழுவுக்கு ஏற்ற ரோல்பிளே கேம்பெயினைத் திட்டமிடுவது எப்படி?

கும்பகோணத்தில் ஒரு மொட்டை மாடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அரசருடைய ஓலையைத் தின்றுவிட்ட ஓர் ஆட்டை என்ன செய்வது என்று ஐந்து பேர் முக்கால் மணி நேரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டையே அரசவைக்குக் கூட்டிப்போய், "ஓலை உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். ஆட்டுக்குப் பேசச் சொல்லிக் கொடுத்தால் அதுவே ஓலையைப் படித்துக்காட்டும் என்றார் இன்னொருவர். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியிருந்த குகைக்கும் புதையலுக்கும் அன்றைக்கு வேலையே வரவில்லை. கிளம்பும்போது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த வாரம் ஆடு வருமா?"

நான் திட்டமிடும் முறை அன்றிலிருந்து மாறியது. அப்படி ஒரு சாயங்காலம் தற்செயலாக அமையும் என்று காத்திருக்காமல், அமைவதற்கு இடம் வைத்துத் திட்டமிடுவதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோல்பிளே விளையாட்டில் ஒருவர் கேம் மாஸ்டர். அவர் உலகத்தையும் அதில் வரும் மற்ற ஆட்களையும் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்மானிக்கும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்து இந்த வகையைத் தொடங்கிவைத்தது. ஒரே கதை பல நாட்களுக்குத் தொடர்ந்தால் அது கேம்பெயின், ஒரு நாள் ஆட்டம் ஒரு செஷன்.

லேசான கேம்பெயின் என்றால் நிறைய ஜோக் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜோக் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒரு சின்ன விஷயத்துக்காகக் கதாபாத்திரங்கள் உயிரைக் கொடுத்து ஓடும்போது வருகிற சிரிப்புதான் கடைசிவரை நிற்கும். அந்தச் சின்ன விஷயம் எது என்பது உங்கள் குழுவைப் பொறுத்தது. அதனால் கதையை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆட்களைப் பார்ப்போம்.

முதல் படி: ஆட்களைக் கேளுங்கள்

"என்ன மாதிரி கேம் வேணும்?" என்று கேட்டால் "எதுனாலும் சரி" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்காதீர்கள். தனித்தனியாக, டீ குடிக்கும்போது, இந்த மூன்றையும் கேளுங்கள். கடைசியாக எதற்கு வயிறு வலிக்கச் சிரித்தீர்கள்? சின்ன வயதில் கேட்ட கதையில் இன்னும் மறக்காதது எது? எந்த விஷயம் விளையாட்டில் வந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்?

எங்கள் குழுவில் ஒரு நர்ஸ், ஒரு வங்கி ஊழியர், ஒரு பள்ளி ஆசிரியை, என் அத்தை மகன், அவனோடு கல்லூரியில் படிக்கும் நண்பன். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வருவதற்குள் கெட்டிமேளம் கேட்டுவிட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார் ஆசிரியை. நிலைமை கைமீறிப் போவது அவருக்குப் பிடிக்கும் என்று குறித்துக்கொண்டேன். வங்கிக்காரர் சிரித்தது ஒரு படிவத்தில் இருந்த சொல்லைத் தப்பாகப் படித்த கதைக்கு. அவருக்கு வேண்டியது சொல் விளையாட்டும் விதிகளில் ஓட்டை கண்டுபிடிப்பதும். அத்தை மகன் யாரையும் அடிக்காத பெரிய மிருகம் ஒன்று வேண்டும் என்றான். ஒரே செஷனில் மூன்றுக்கும் இடம் வைக்கலாம். ஆனால் யாருக்கு எது என்று தெரியாமல் வைக்க முடியாது.

மூன்றாவது கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். என் முதல் கேம்பெயினில் நான் அதைக் கேட்கவில்லை. கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போய் ஊர் மாற்றி வைக்கும் குறும்புக்காரப் புயல் தேவதை ஒன்றைக் கொண்டுவந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் பேசாமல் இருந்தார். அவர் ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது அங்கேதான். வீட்டுத் தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்ததைப் பார்த்தவருக்குப் பறக்கும் கூரையில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆட்டத்தை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். கடலோரத்து ஆட்கள் இருந்தால் 2004 சுனாமியும் அப்படித்தான். டெல்டாவில் தண்ணீரையும் காற்றையும் வேடிக்கையாக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள்.

இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் 'எக்ஸ் கார்டு' என்ற முறையைப் பரப்பினார்: நடுவில் எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று இருக்கும், யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியைக் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும். நாங்கள் அட்டைக்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் டம்ளரை நடுவில் வைக்கிறோம். கவிழ்த்து வைத்தால் காட்சி மாறும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம்.

இரண்டாம் படி: தொனியை முன்கூட்டியே பேசிவிடுங்கள்

முதல் சந்திப்பில் பகடையை எடுக்காமல் இதைப் பேசுங்கள். கதாபாத்திரம் சாகலாமா? எங்கள் விதி: யாரும் சாகமாட்டார்கள். தோற்றால் கடன்படுவார்கள், மானம் போகும், சேற்று வயலில் கண் விழிப்பார்கள். சாவு இல்லாவிட்டால் பதற்றம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஊரார் முன்னால் ஒரு பொய் வெளிப்படப் போகிறது என்றால் அதைவிடப் பதற்றம் எதில் இருக்கிறது?

யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதையும் பேசுங்கள். கிராமத்தை வைத்து வேடிக்கைக் கதை செய்யும்போது சாதி, உடம்பு, நிறம், பேச்சு வழக்கு என்று பழைய கேலியெல்லாம் தானாக உள்ளே வந்துவிடும். எங்கள் மேசையில் அதற்கு இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதிகாரம், பிடிவாதம், வீண் ஜம்பம், சோம்பேறிப் பூதம் ஆகியவற்றைக் கேலி செய்யலாம், நிறைய மிச்சம் இருக்கிறது. நிஜக் கோயில்களின் தெய்வங்களையும் நான் கதாபாத்திரமாக்குவதில்லை. ஒருவருக்குக் கதை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குலதெய்வம்.

மூன்றாம் படி: விதிகள், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வைத்தே விளையாடலாம். அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சண்டைக்கானது. ஒரு சண்டையே ஒரு மணி நேரம் ஓடினால் ஆட்டுக்கு நேரம் இருக்காது.

லூடோ பெட்டியில் இருக்கும் இரண்டு பகடை போதும். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் நான்கு திறமைகள்: கை, கால், வாய், மூளை. இவற்றுக்கு +2, +1, 0, -1 என்று பிரித்துக்கொள்ளட்டும். இரண்டு பகடையையும் உருட்டி, திறமையைக் கூட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தபடி நடக்கும். 7 முதல் 9 வந்தால் நடக்கும், கூடவே ஒரு சிக்கலும் வரும். 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலைமை வேறு பக்கம் திரும்பும். வின்சென்ட் பேக்கரும் மெகுயி பேக்கரும் உருவாக்கிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற விளையாட்டு 2010-ல் பிரபலமாக்கிய முறை இது.

இது ஏன் வேடிக்கைக் கதைக்குப் பொருந்துகிறது என்பது கணக்கிலேயே இருக்கிறது. இரண்டு பகடை 36 விதமாக விழலாம். +1 திறமை உள்ளவருக்கு அதில் 10 முழு வெற்றி, 10 தோல்வி, மிச்சம் 16 'நடக்கும், ஆனால்'. ஓலை கிடைக்கும், ஆனால் ஆடு பார்த்துவிட்டது. கதவு திறக்கும், ஆனால் சாவி உள்ளேயே உடைந்துவிட்டது. சிரிப்பெல்லாம் அந்த 'ஆனால்'-இல்தான் பிறக்கிறது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பகடை தோற்றால் கதாபாத்திரத்தை முட்டாளாக்காதீர்கள். "நீங்க வழுக்கி விழுந்துட்டீங்க" என்று ஒருமுறை சொன்னால் சிரிப்பார்கள், மூன்றாம் முறை அவர் பகடையை எடுக்கவே தயங்குவார். ஆள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார், உலகம்தான் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது என்று சொல்லுங்கள்: "நீங்க சத்தமே இல்லாம உள்ள வந்துட்டீங்க. ஆனா உள்ள ஏற்கெனவே இன்னொரு திருடர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கார்."

நான்காம் படி: ஊரை நம் மண்ணிலிருந்து எடுங்கள்

கோட்டை, டிராகன், மதுக்கடை என்று தொடங்கினால் நம் ஆட்கள் பாதி நேரம் யோசித்துப் பேசுவார்கள். மதகு, வாய்க்கால், பத்தாயம், களம் என்று தொடங்கினால் வாய் தானாகத் திறக்கும். எங்கள் கற்பனை ஊரின் பெயர் கொட்டாவிநல்லூர். கடைமடை ஊர். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம், சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வரும், அங்கிருந்து வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து கடைமடையை எட்டும்போது எல்லாருடைய கண்ணும் வாய்க்காலில்தான் இருக்கும். இந்தக் காத்திருப்பை நான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஊருக்குப் பூதம் வேண்டும் என்றால் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதைக்குப் போங்கள். புகார் நகரத்தின் ஐந்து மன்றங்கள் அதில் வருகின்றன. பூத சதுக்கம் பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வெள்ளிடை மன்றம்: காவலே இல்லாமல் பொருள் குவிந்து கிடக்கும், திருடுகிறவன் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்கச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு முழு செஷன் இதிலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு திருடர் மூன்று தலைமுறையாக அப்படிச் சுற்றுகிறார். ஊருக்கு அவர்தான் மணி காட்டும் கடிகாரம். அவரை விடுவித்தால் ஊருக்கு நேரம் தெரியாது.

கதாபாத்திரங்களும் இங்கிருந்தே வரட்டும். அத்தை மகன் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையாக வருகிறான். அடி கனமாக இருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நிற்கும் அல்லவா, அதையே விதியாக்கினோம்: அவனை யாரும் கீழே தள்ள முடியாது, ஆனால் 'இல்லை' என்று சொல்லவும் முடியாது, தலை ஆடிவிடும். ஒரே ஒரு பலமும் அதே மூலத்திலிருந்து வருகிற ஒரே ஒரு தொல்லையும் இருந்தால் கதாபாத்திரம் தயார்.

மந்திரங்களுக்கு எங்களுக்கு ஒரு பெரிய களஞ்சியம் கிடைத்தது: மரபுத்தொடர்கள். அவற்றைச் சொல்லுக்குச் சொல் அப்படியே நடக்க வைத்தால் மந்திரம். 'காதில் பூச்சுற்றுதல்': எதிராளி காதில் நிஜமாகவே பூ முளைக்கும், அது வாடும்வரை நீங்கள் சொல்லும் ஒரு பொய்யை அவர் நம்புவார். 'வாயைப் பிடுங்குதல்': வாய் தனியாகக் கையில் வந்துவிடும், உண்மையை மட்டும் பேசும், சாயங்காலத்துக்குள் திருப்பி ஒட்ட வேண்டும். 'தலையில் தூக்கி வைத்து ஆடுதல்': எவ்வளவு கனமானவரையும் தூக்கலாம், ஆடுவதை மட்டும் நிறுத்தக்கூடாது. 'கை கழுவுதல்' என்ற மந்திரத்தை வங்கிக்காரர் எடுத்துக்கொண்டார். கையைக் கழுவினால் அவர் செய்த காரியத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள், கூடவே கடைசியாகச் சாப்பிட்டதை அவரே மறந்துவிடுவார். ஒவ்வொரு செஷனிலும் மூன்று முறை சாப்பிடுகிறார். ஒவ்வொருவரையும் இரண்டு மரபுத்தொடர் எழுதிவரச் சொல்லுங்கள். தமிழிலேயே விளையாடுவதன் பெரிய லாபம் இதுதான்.

ஐந்தாம் படி: செஷனை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

உலகத்தைக் காப்பாற்றும் கதை வேண்டாம். ஊராருக்கு ஒன்று வேண்டும், ஒரு தடை இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது. அவ்வளவுதான். எங்கள் முதல் செஷனுக்கு நான் எழுதிய பக்கம் இது.

ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்துவிட்டது, கொட்டாவிநல்லூர் மதகு மட்டும் திறக்கவில்லை. மதகைத் தூக்கும் பூதம் கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டி அதற்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், பாதியில் எழுந்து போய்விட்டார். முடிவு தெரியாமல் இனி மதகைத் தொடமாட்டேன் என்கிறது பூதம். முடிவு தெரிந்தவர்கள் ஊரில் மூன்று பேர், மூவரும் சொல்வது மூன்று முடிவு.

இடங்கள் மூன்று: மதகு, காபிக்கடை, பாட்டியின் வீட்டுப் பத்தாயம். ஆட்கள் நான்கு: பூதமும் அந்த மூவரும். ஒவ்வொருவருக்கும் வேண்டுவது ஒன்று, மறைப்பது ஒன்று, பேச்சுப் பழக்கம் ஒன்று எழுதுங்கள். காபிக்கடைக்காரருக்கு வேண்டியது காணாமல்போன பித்தளை டபரா. மறைப்பது, கதையின் முடிவை அவர் தூங்கிவிட்டதால் கேட்கவே இல்லை என்பதை. பேச்சுப் பழக்கம், எதைக் கேட்டாலும் "தம்பி, மொதல்ல டபராவக் கொண்டாங்க, அப்பறம் பேசலாம்" என்று தொடங்குவது. இந்த வேடத்தைச் செய்யும்போது நான் சிரிக்கமாட்டேன். அவருக்கு டபரா நிஜமாகவே முக்கியம். கேம் மாஸ்டர் சிரித்தால் டபராவின் மதிப்பு இறங்கிவிடும்.

கெடுவுக்கு ஆறு புளியங்கொட்டையை நடுவில் வைத்தேன். நேரம் வீணானாலோ பகடை தோற்றாலோ ஒன்றை எடுத்துவிடுவேன். தீர்ந்தால் தண்ணீர் பக்கத்து ஊருக்குத் திரும்பிவிடும். கண்ணெதிரே கொட்டை குறைவதைப் பார்த்தால் பேச்சு தானாக வேகம் பிடிக்கும்.

பக்கத்தில் எழுதக்கூடாதது ஒன்று உண்டு: தீர்வு. பூதத்தை எப்படி எழுப்புவது என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு நர்ஸ், கதாபாத்திரமாகவே பூதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி பாதியில எழுந்து போனது உன்மேல கோபத்துல இல்ல, அவங்களுக்கு உடம்பு முடியல" என்றார். யாரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பூதம் மூன்று முடிவையும் கேட்டது. மூன்றாவதில் ஆடு வந்தது. வேடிக்கைக் கதையில் இப்படி ஓர் இடம் வந்தால் உடனே ஜோக் சொல்லி மூடிவிடாதீர்கள்.

ஆறாம் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

பல கேம்பெயின்கள் நிற்பது ஆட்கள் சேராததால்தான். நான்கு அல்லது ஐந்து பேர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டரை மணி நேரம், மொத்தம் எட்டு செஷன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆடியில் முகூர்த்தம் இருக்காது என்பதால் ஆட்கள் கையில் கிடைப்பார்கள், அங்கே தொடங்கினால் கார்த்திகையில் முடிக்கலாம். நடுவில் தீபாவளிக்கு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போகும், ஒரு சார்ஜ் லைட் வாங்கி வையுங்கள். வயல் வைத்திருப்பவர் குழுவில் இருந்தால் அறுவடை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வர முடியாவிட்டால் ஆட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய கதாபாத்திரம் டபரா தேடப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி

ஆட்டம் முடிந்ததும் செருப்பு மாட்டுவதற்குள் கேளுங்கள்: இன்றைக்கு எது பிடித்தது, அடுத்த முறை யாரைத் திரும்பப் பார்க்க வேண்டும்? பதிலை நோட்டில் எழுதி, அடுத்த செஷனின் பக்கத்தை அதிலிருந்து தொடங்குங்கள். நான் முக்கியம் என்று நினைத்து உருவாக்கிய மணியக்காரரை யாரும் கேட்கவில்லை, அவர் மெதுவாகக் கதையை விட்டுப் போய்விட்டார். மூட்டைத் திருடரை எல்லாரும் கேட்டார்கள், அவர் ஐந்து செஷனில் வந்தார்.

கடைசி செஷனுக்குப் புதிய பிரச்சினை எதுவும் எழுதாதீர்கள். நோட்டைத் திருப்பி, பாதியில் நிற்கும் விஷயங்களை மட்டும் எடுத்து வையுங்கள். முடிக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு காட்சி கேளுங்கள்: அடுத்த ஆடிப்பெருக்கு அன்று உங்கள் ஆள் எங்கே இருக்கிறார்? அதற்குப் பகடை கிடையாது, யாரும் குறுக்கே பேசக்கூடாது. எங்கள் ஆசிரியையின் ஆள், மூட்டையை இறக்கி வைத்த திருடருக்குக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வங்கிக்காரர் நான்காவது முறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நர்ஸின் ஆள் ஆட்டைப் பக்கத்தில் கட்டிவிட்டு மதகடியில் உட்கார்ந்திருந்தார். தலையாட்டி பொம்மை பூதத்துக்குப் புதுக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. "இதுக்கு முடிவு இருக்கா?" என்று பூதம் கேட்டது. அத்தை மகன் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினான்.